முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பெரிய இணையத் தளங்கள் தம் சொந்தப் பொருளை மற்றவர் பொருளுக்கு முன்னே நிறுத்துவது போன்றவற்றைத் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் பற்றிக் கடந்த இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். அச்சட்டத்தை நடைமுறைப்படுத்துவது முழுவதும் பிரசெல்ஸில் உள்ள ஐரோப்பிய ஆணைக்குழுவின் வேலை என்றும், உறுப்பு நாடுகளின் போட்டி அதிகாரசபைகளுக்கு அதில் பங்கே இல்லை என்றும் ஒரு வரி அதில் இருந்தது. நெடுங்காலச் சந்தாதாரரான எனக்கு அந்த வரி மிகுந்த வேதனையைத் தந்தது. ஏனெனில் ஏறத்தாழ அதே வரியை நம்பித்தான் நான் ஓராண்டை இழந்தேன்.

நானும் கணவரும் ஜேர்மனியில் சிறு பலசரக்குக் கடை நடத்துகிறோம். வறுத்து அரைத்த யாழ்ப்பாணத்துக் கறித்தூளை ஓர் இணையச் சந்தையிலும் விற்றுவந்தோம். 2024ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஒருநாள், எங்கள் தூளின் பெயரை எழுத்துப் பிசகாமல் தட்டித் தேடினேன். அந்தச் சந்தை தன் சொந்தப் பெயரில் விற்கும் தூள் முதலாவதாக வந்தது. எங்களுடையது மூன்றாம் பக்கத்தில் கிடந்தது. நிலவறையில் அடுக்கியிருந்த 250 கிராம் பைகளைத் திகதி பார்த்துப் பார்த்து ஒதுக்கியே அந்தக் கோடை முடிந்தது. வணிக ஆலோசனை நிலையம் ஒன்றுக்கு எழுதினேன். இது பிரசெல்ஸின் விடயம் என்று இரண்டே வரியில் பதில் வந்தது.

சட்டம் சொல்வது வேறு என்பதை மறுவருடம் எங்கள் வரிக்கணக்குப் பார்ப்பவர் சொல்லித்தான் அறிந்தேன். சட்டம் மீறப்பட்டதா என்று தீர்மானிப்பதும், மீறிய நிறுவனத்தின் உலகளாவிய வருவாயில் 10 சதவீதம் வரை அபராதம் விதிப்பதும் ஆணைக்குழுவுக்கே உரியவை. ஆனால் வியாபாரியும் பாவனையாளரும் தம் நாட்டு அதிகாரசபையிடமே முறையிட 27ஆவது உறுப்புரை இடம் தருகிறது. உள்நாட்டுச் சட்டம் அதிகாரம் அளித்திருந்தால் அச்சபை தானாகவே விசாரிக்கலாம் என்கிறது 38ஆவது. ஆணைக்குழு அதே விடயத்தில் நடவடிக்கை தொடங்கினால் மட்டும் நாட்டுச் சபை விலகவேண்டும். ஜேர்மனியோ 2023 நவம்பரிலேயே தன் போட்டிச் சட்டத்தைத் திருத்தி, பொன் நகரிலுள்ள சமஷ்டிப் போட்டி அதிகாரசபைக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிட்டது. நான் கடிதம் எழுதியபோது கதவு திறந்து மாதக்கணக்காகியிருந்தது.

தீர்மானம் ஓரிடத்தில் இருக்கவேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. நிறுவனம் நிலைகொண்ட நாட்டின் சபையிடமே பொறுப்பை விட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பெரிய நிறுவனங்களின் கோப்புகள் அயர்லாந்தில் குவிந்து தேங்கியதைக் கண்டோம். ஆனால் கூகுளின் பொருள் ஒப்பீட்டுச் சேவை பற்றிய ஆணைக்குழுவின் விசாரணையும் 2010இல் தொடங்கி 2017இல்தான் அபராதத்தில் முடிந்தது. எந்தப் பலசரக்குக் கடை ஏழு வருடம் தாக்குப்பிடிக்கும்? மாறாக, டேட்டிங் செயலிகளின் கட்டண முறை விடயத்தில் வாரம் 5 மில்லியன் யூரோவாக 50 மில்லியன் வரை தண்டம் ஏற்றி, 2022இல் ஆப்பிளைப் பணியவைத்தது நெதர்லாந்தின் அதிகாரசபைதான்.

2025 ஏப்ரலில் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கீழ் ஆப்பிளுக்கு 500 மில்லியன், மெட்டாவுக்கு 200 மில்லியன் யூரோ விதிக்கப்பட்டபோது தாங்கள் தொகையைத் தலைப்பாக்கினீர்கள். சிறு கடைக்காரர் எங்கே போவது என்று அப்போதே எழுதிக் கேட்டேன். கடிதம் பிரசுரமாகவில்லை, பதிலும் இல்லை. சட்டம் தெரிந்த தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை: வரும் முறைப்பாட்டைக் கட்டாயம் தொடரவேண்டும் என்று அது எந்தச் சபையையும் பணிக்கவில்லை. தனியொரு கடையின் கோப்பை ஒதுக்கிவைப்பது சுலபம். பல கடைகள் ஒரே குறையை எழுதினால் அப்படி ஒதுக்க முடியாது. எழுதலாம் என்பதே எங்கள் ஆட்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் என் மனவருத்தம்.

ஆகவே அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, அந்தந்த நாட்டு அதிகாரசபையிடமே முறையிடலாம் என்பதை ஒரு சிறு பெட்டிச் செய்தியாகவேனும் தமிழில் வெளியிடுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதை வெட்டியெடுத்துக் கடையில் காசு மேசைக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பேன்.

இங்ஙனம்,
சந்தாதாரர் ஒருவர்,
ஜேர்மனி