பாஸ்வேர்ட் பூட்டோடு விற்ற லேப்டாப்: பணத்தைத் திருப்பித் தாருங்கள்

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
ரீஃபர்பிஷ்டு லேப்டாப் விற்பனைப் பிரிவு

பொருள்: பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை செட்டப்) பாஸ்வேர்டை நீக்காமல் விற்ற திங்க்பேட் லேப்டாப், அதற்கு வாரன்டி மறுத்தது தொடர்பாக

ஐயா / அம்மா,

ஜூன் 9 அன்று உங்கள் தளத்தில் 21,500 ரூபாய் கட்டி ஒரு செகண்ட் ஹேண்ட் திங்க்பேட் வாங்கினேன். இஞ்சினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்காக. பெட்டிக்குள் ஒரு சோதனை அட்டை இருந்தது. திரை, கீபோர்டு, பேட்டரி, சார்ஜர் என்று 32 வரிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே நீல மையில் டிக். 19ஆவது வரி பயாஸ். அதற்கும் டிக்.

மூன்று வாரம் லேப்டாப் நன்றாகத்தான் ஓடியது, அதை மறைக்கவில்லை. ஜூலை 2 அன்று கல்லூரி லேப் வேலைக்காக, விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு சிஸ்டத்தை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸ் போட உட்கார்ந்தாள். அதற்கு பயாஸில் வெர்ச்சுவலைசேஷன் என்ற வசதியை ஆன் செய்ய வேண்டும். எஃப்1 தட்டினால் ஒரு சின்னப் பூட்டுப் படமும் காலிக் கட்டமும் வந்து நின்றன. அது கேட்டது சூப்பர்வைசர் பாஸ்வேர்ட், அதாவது பயாஸையே பூட்டி வைக்கும் பாஸ்வேர்ட். நாங்கள் வைத்ததல்ல, விண்டோஸ் பாஸ்வேர்டும் அல்ல.

உங்கள் உதவி எண்ணை அழைத்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், பின்மூடியைக் கழற்றி பட்டன் செல்லை எடுத்து அரை மணி நேரம் வையுங்க, பாஸ்வேர்ட் போயிடும்" என்றார். வாரன்டி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே என்று கேட்டேன். "பரவாயில்லை சார், நான் நோட் போட்டுடறேன்" என்றார். நம்பினேன். கழற்றினேன்.

பாஸ்வேர்ட் போகவில்லை, அந்தப் பட்டன் செல்லில் ஓடும் கடிகாரம்தான் போனது. இப்போது ஆன் செய்தவுடன் 0271 என்று ஒரு எரர் வருகிறது: தேதி தவறு, செட்டப்புக்குள் போய்ச் சரிசெய் என்கிறது. செட்டப்புக்குள் போக அதே பாஸ்வேர்ட்! அதுவரை விண்டோஸாவது வந்துகொண்டிருந்தது. உங்கள் ஆள் சொன்ன வைத்தியத்துக்குப் பிறகு அதுவும் இல்லை.

மின்சார ரயில் பிடித்து சென்னை ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு கடைத் தம்பி பூட்டுப் படத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் பட்டன் செல்லை நம்பி இருப்பதில்லையாம். மதர்போர்டில் தனியாக ஒரு சிப்பில் எழுதப்பட்டிருக்குமாம். கரண்ட் இல்லாவிட்டாலும் அழியாது. மறந்துபோனால் மதர்போர்டை மாற்றுவதுதான் வழி என்று தயாரித்த கம்பெனியே சொல்கிறது. பெரிய அலுவலகங்களில் ஊழியர்கள் செட்டிங்கை மாற்றாமல் இருக்க ஐடி ஆட்கள் இதைப் போட்டு வைப்பார்கள், லாட்டாக ஏலம் விடும்போது எடுக்க மறந்துவிடுவார்கள் என்றார். சிப்பில் கிளிப் மாட்டி அழித்துத் தருகிறேன், 2,500 ரூபாய் ஆகும், போர்டு போனால் நான் பொறுப்பில்லை என்றும் சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். காசு கொடுத்து வாங்கிய பொருளின் பூட்டை நானே ஏன் உடைக்க வேண்டும்?

மறுபடி உங்களுக்கு எழுதினேன். ஜூலை 11 அன்று பதில் வந்தது. பத்து நாள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டதாம். பாஸ்வேர்ட் என்பது சாஃப்ட்வேர் பிரச்சினை, ஆறு மாத வாரன்டியில் வராதாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரன்டி ஸ்டிக்கர் கிழிந்திருப்பதால் இனி எந்த வாரன்டியும் இல்லையாம்.

இந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம். மற்றதை அலட்சியம் என்று விட்டுவிடலாம். டிக் போட்டவர் எஃப்1 விசையை ஒரே ஒரு தடவை தட்டிப் பார்த்திருந்தால் பூட்டு அன்றைக்கே தெரிந்திருக்கும், சரி, தட்டவில்லை. ஆனால் ஸ்டிக்கரைக் கிழிக்கச் சொன்னது உங்கள் ஆள். ஜூலை 3, காலை 11.20க்கு அழைத்தேன், 14 நிமிடம் பேசினோம். அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று முதலில் உங்கள் இயந்திரமே சொன்னது. அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள்.

21,500 ரூபாயையும் முழுதாகத் திருப்பித் தர வேண்டும், லேப்டாப்பை உங்கள் செலவில் எடுத்துப்போக வேண்டும். மாற்று லேப்டாப் தருவதாக இருந்தால், எஃப்1 தட்டி பயாஸ் திறப்பதை வீடியோ எடுத்து முதலில் அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகு பேசலாம். அப்புறம், இந்த லேப்டாப் எந்த நிறுவனத்திடமிருந்து உங்களிடம் வந்தது என்று எழுத்தில் வேண்டும். யாருடையதென்று தெரியாத பூட்டு தொங்கும் பொருள் திருட்டுப் பொருளாக இருக்குமோ என்று என் மனைவி கேட்கிறாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

2020ஆம் ஆண்டின் மின் வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அது நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைப்பேன், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

பில், உங்கள் ஜூலை 11 பதில், 0271 எரர் நிற்கும் திரை, அட்டை ஆகியவற்றின் படங்களை இணைத்திருக்கிறேன். லேப்டாப்பை வந்த பெட்டியிலேயே திரும்பக் கட்டி வைத்திருக்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் ஆள் அனுப்பினால் வீட்டில் இருப்பேன். டிக் போட்ட அட்டையை மட்டும் பெட்டிக்குள் வைக்கவில்லை. அது என்னிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
செங்கல்பட்டு
ஜூலை 14