இரு பாடகர் குழாங்களும் அவற்றுக்கேற்ற பாட்டுகளும்

யாழ்ப்பாணம்

அன்பின் நண்பருக்கு,

முழங்கால் நோ குறைந்து நீங்கள் மீண்டும் பயிற்சிகளை நடத்தத் தொடங்கியதை அறிந்து மகிழ்ந்தேன். மாணவியர் குழாமுக்கும் ஆண்களும் பெண்களும் பாடும் ஆலயத்தின் கலப்புக் குழாமுக்கும் எவற்றைத் தெரிவு செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். பாட்டின் புகழைவிட நம்மிடமுள்ள குரல்களைப் பார்த்துத் தெரிவு செய்வதே நல்லது என்பது என் எண்ணம்.

மாணவியருக்கு மென்டல்சோன் இசையமைத்த ‘எலியா’விலுள்ள மூன்று குரல் பாட்டை முதலில் கொடுங்கள். 1846இல் அரங்கேறிய அந்தப் பெரும் படைப்பில், வேதாகமத்தின் 121ஆம் சங்கீதத்தின் வரிகளைத் தேவதூதர்கள் வாத்தியத் துணையின்றிப் பாடும் இடம் அது. மின்சாரம் நின்றாலும் பாட்டு நிற்காது. மூன்றாம் குரலுக்குக் கீழ்ச்சுரங்களைத் துணிந்து பாடும் பிள்ளைகளே வேண்டும். கூச்சமுள்ளவர்களை அங்கே ஒளித்துவைத்தால் சுருதி இறங்கிவிடும்.

கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு, ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1942இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் நாடு திரும்பும்போது எழுதிய கரோல் தொகுதியிலிருந்து ‘திஸ் லிட்டில் பேப்’ எடுக்கலாம். ஹார்ப் இல்லாவிட்டால் பியானோ போதும். ஒரே மெட்டை முதலில் எல்லோரும் சேர்ந்து பாட, பின்னர் அது இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து ஒன்றையொன்று துரத்தும். வேகத்தை மட்டும் கடைசியாகச் சேருங்கள்.

கலப்புக் குழாமுக்கு மொசார்ட்டின் ‘ஆவே வேரும் கோர்ப்புஸ்’தான் என் தெரிவு. 1791 யூனில், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் எழுதிய இதில் இருப்பவை 46 ‘பார்’களே (தாள அளவுகள்). திருவிருந்து வேளைக்கு அளவானது. எந்தக் குரலும் கஷ்டமான உயரத்துக்கு ஏற வேண்டியதில்லை. ஆனால் இறுதிப் பகுதியில் பெண்கள் முன்னே செல்ல ஆண்கள் பின்தொடரும் இடத்தில், ஆண்கள் அவசரப்பட்டுச் சேர்ந்துகொள்வார்கள். அதைத் தனியாகப் பயிற்றுங்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் கப்ரியேல் போரே (Fauré) மாணவராக இருந்தபோது, 1865இல் எழுதிய ‘கான்டிக்’ அழகானதுதான். டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) பாட இருவரே இருக்கையில் அதை எடுக்க வேண்டாம்.

தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை நான்கு குரலுக்குப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்வரக்கூட்டு (ஹார்மனி) ஏற ஏறக் கமகம், அதாவது சுரங்களின் அசைவு, மறைந்துபோகும். ஆண்கள் ஆதார சுருதியைப் பிடிக்க, பெண்கள் மெட்டைப் பாடினாலே நிறைவாக இருக்கும்.

மென்டல்சோன், மொசார்ட் பிரதிகளை அடுத்த வாரம் அனுப்பிவைக்கிறேன். பிரிட்டனின் படைப்புக்கு இன்னும் பதிப்புரிமை இருப்பதால் அதை விலைக்கே வாங்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்