மைதானம் பூங்காவாகும் கதை

ஆசிரியருக்கு,

நகரம் வளரும்போது திறந்தவெளி ஒரே நாளில் காணாமல் போவதில்லை. முதலில் மைதான ஓரத்தில் வண்டிகள் நிற்கும். அப்புறம் ஒரு நீர்த்தொட்டி, ஓர் அலுவலகம். மிச்சத்துக்கு வேலி போட்டு, நடைபாதை அமைத்துப் 'பூங்கா' என்பார்கள். கணக்கில் பரப்பளவு பெரிதாகக் குறைந்திருக்காது. ஆனால் பந்து விளையாட முடியாது, சிமென்ட் தரையில் மழைநீரும் இறங்காது. பூட்டு வேறு!

மீட்கவே முடியாது என்றும் இல்லை. தென்கொரியத் தலைநகர் சியோலில் சாலைக்கு அடியில் மூடிக்கிடந்த சோங்கேசோன் ஓடையை, மேம்பாலச் சாலையை இடித்துவிட்டு 2005இல் திறந்தார்கள். (இப்போது தண்ணீரைப் பம்ப் வைத்துத்தான் விடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.)

புதிய மனைப்பிரிவு வரைபடங்களில் திறந்தவெளியின் பரப்போடு, அதில் மண்தரை எவ்வளவு என்பதையும் குறிப்பிடச் சொல்லலாமே?

- ஒரு வாசகர்