‘எந்த நீதிமன்றமும் இல்லை’ என்ற தோழிக்கும் மற்றவர்களுக்கும்

பரிமாற்ற செமஸ்டரில் என்னோடு ஒரே மேசையைப் பகிர்ந்துகொண்ட எல்லோருக்கும் வணக்கம்.

ஒப்பீட்டுப் பொதுச் சட்டம், பன்னாட்டுச் சட்டம் என்று இரண்டு பாடங்களுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தவன் நான். முதல் வாரமே சுற்றி இருந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன்: நாடாளுமன்றச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணாக இருந்தால் உங்கள் ஊரில் எந்த நீதிமன்றம் ரத்து செய்யும்? நெதர்லாந்துத் தோழியே, நீ நிதானமாக, “எந்த நீதிமன்றமும் இல்லை” என்றாய். உங்கள் அரசியலமைப்பின் 120-ஆம் பிரிவு, நீதிபதிகள் அந்தக் கேள்விக்குள் போகவே கூடாது என்கிறது. எனக்குப் பேச்சே வரவில்லை. அப்புறம் 94-ஆம் பிரிவைக் காட்டினாய். எல்லோரையும் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை விதியோடு உள்நாட்டுச் சட்டம் மோதினால், அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தக் கூடாதாம். சொந்த அரசியலமைப்பை வைத்துச் செய்ய முடியாத வேலையை ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை வைத்துச் செய்கிறார்கள்! எனக்கு இரண்டு பாடங்களும் ஒன்றானது அன்றுதான். இரண்டு பிரிவுகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததற்குத் தனி நன்றி.

ஜெர்மன் நண்பா, உங்கள் அரசியலமைப்பான அடிப்படைச் சட்டத்தின் 79(3)-ஆம் பிரிவை மூல மொழியில் வாசித்து, சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டினாய். சிலவற்றை எந்தத் திருத்தமும் தொடக் கூடாது என்று 1949-லேயே எழுதி வைத்துவிட்டீர்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில், எழுதப்படாத அப்படியொரு எல்லையை அரசியலமைப்புக்குள்ளிருந்தே கண்டெடுத்தது. எழுதி வைப்பதுதான் நேர்மை என்று எனக்கு இன்னமும் படுகிறது. நீ ஒப்புக்கொள்ள மாட்டாய், தெரியும்.

பேராசிரியர் அம்மாவுக்கு: பிரிட்டனின் 1998 மனித உரிமைச் சட்டத்தின்படி, நாடாளுமன்றச் சட்டம் ஒன்றை நீதிமன்றம் ‘உரிமைகளோடு பொருந்தவில்லை’ என்று அறிவித்தாலும் அது செல்லாததாகிவிடாது. அதை ‘பலவீனமான தீர்வு’ என்று கட்டுரையில் எழுதியிருந்தேன். நீங்கள் ஓரத்தில் “யாருடைய அளவுகோல்?” என்று மட்டும் குறித்தீர்கள். பிறகுதான் தேடிப் படித்தேன். அப்படி அறிவிக்கப்பட்டவற்றைப் பெரும்பாலும் திருத்தித்தான் இருக்கிறார்கள். கட்டுரையைப் பாதி திருப்பி எழுத வேண்டியதாயிற்று.

நூலகத்து ஐயாவுக்கு: பிரெஞ்சு, துருக்கியக் கப்பல்கள் மோதியது பற்றிப் பன்னாட்டு நீதிமன்றம் விசாரித்த 1927 லோட்டஸ் வழக்கில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்து, தலைவரின் கூடுதல் வாக்கால்தான் முடிவு வந்தது. “மறுத்தவர்களையும் படி” என்று நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

மாதிரி நீதிமன்றக் கூட்டாளிக்கு: “எங்கள் உள்நாட்டுச் சட்டம் அனுமதிக்கவில்லை” என்று நான் வாதாடத் தொடங்கியதும் ‘27’ என்று எழுதிய துண்டுச் சீட்டை நகர்த்தினாய். உடன்படிக்கையை மீற உள்நாட்டுச் சட்டத்தைச் சாக்குச் சொல்ல முடியாது என்கிற, உடன்படிக்கைகளுக்கான விதிகளை வகுத்த 1969 வியன்னா உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு. எப்படியும் தோற்றோம், சரி, ஆனால் மானம் தப்பியது.

என் நீல நிறக் குறிப்பேடு உங்களில் யாரிடமோ இருக்கிறது. குறிப்பேட்டை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 120, 94 என்று எழுதிய தாள் இருக்கும், அதை மட்டும் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மேசைத் தோழன்