மெயின்ஃபிரேம் பயிற்சியில் மேக்ரோவும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையிலும் ஈரோட்டிலும் மெயின்ஃபிரேம் என்னும் பெருங்கணினி வேலைக்குப் பயிற்சி தரும் இடங்களில் கோபால் (COBOL) நிரல்மொழியும், கணினிக்கு வேலைகளை ஒப்படைக்கும் ஜேசிஎல் மொழியும் கற்பிக்கப்படும் அளவுக்கு, நிரல்களை எழுதித் திருத்த உதவும் ஐஎஸ்பிஎஃப் எடிட்டரின் மேக்ரோ வசதி (பல கட்டளைகளை ஒன்றாகத் தொகுத்து இயக்குவது) கற்பிக்கப்படுவதில்லை என்பது என் கருத்து. ஐபிஎம்மின் மைக் கவ்லிஷா 1979-இல் உருவாக்கத் தொடங்கிய ரெக்ஸ் மொழியில் சில வரிகள் எழுதினாலே, தேவையான வரிகளைத் தேடிப்பிடித்து, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அடையாளமிட்டு, வேறொரு மெம்பரில் (ஒரு கோப்புத் தொகுப்புக்குள் தனிப் பெயருடன் இருக்கும் பகுதி) நகலெடுத்து வைக்கும் வேலை முழுவதும் ஒரே கட்டளையில் முடிந்துவிடும்; அதைக் கையால் திரும்பத் திரும்பச் செய்வது வீண் உழைப்பு.

இதில் ஒரு நுணுக்கத்தை அவசியம் சொல்லித்தர வேண்டும். அதே பெயரில் மெம்பர் ஏற்கெனவே இருந்தால் ‘கிரியேட்’ கட்டளை எழுத மறுத்து ரிட்டர்ன் கோடாக (கட்டளையின் விளைவைச் சொல்லும் எண்) 8 தரும். ‘ரீப்ளேஸ்’ கட்டளையோ பழையதன் மேலேயே எழுதிவிடும். வங்கிக் கணக்கு நிரல்கள் இருக்கும் இடத்தில் இது சிறிய வேறுபாடன்று. ஆகவே மேக்ரோ முதலில் ‘கிரியேட்’டை முயன்று, ரிட்டர்ன் கோடைச் சோதித்த பின்னரே அடுத்த அடி வைக்க வேண்டும். (அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இந்தச் சோதனையைத்தான்.) பயிற்சி நடத்துவோர் இதற்கென ஒரு நாளாவது ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மெயின்ஃபிரேம் நிரலாளர் ஒருவர்,
பெருந்துறை.