காலில் இருந்த தாளம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஜாஸ் டிரம்ஸ் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் டிரம்ஸ் மேதைகள் மேக்ஸ் ரோச்சுக்கும் ஆர்ட் பிளேக்கிக்கும் பக்கம் பக்கமாகக் கொடுத்தவர், அவர்களுக்கு வழி போட்டுக் கொடுத்த கென்னி கிளார்க்கை அரை வரியில் தாண்டிவிட்டார். மெல்லிசைக் குழுக்களில் முப்பது வருஷம் டிரம்ஸ் வாசித்தவனுக்கு அது உறுத்துகிறது.

கிளார்க் 1914இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்து அனாதை இல்லத்தில் வளர்ந்தார். 1930களின் கடைசியில் நியூயார்க்கில் டெடி ஹில் குழுவில் வாசித்தார். எல்லாம் ஆட்டத்துக்கான இசை. கீழே இருக்கும் பெரிய பேஸ் டிரம்மைக் காலால் நாலு நாலாக விடாமல் மிதித்தாக வேண்டும். ஒருநாள் பாட்டு அசுர வேகம், கால் ஈடுகொடுக்கவில்லை. மனுஷன் தாளத்தைத் தூக்கி வலது கையில், ரைடு சிம்பல் என்கிற பெரிய உலோகத் தட்டில் வைத்துவிட்டார். வேலை போன காலும் இடது கையும் எதிர்பாராத இடங்களில் 'டொம்' என்று விழ ஆரம்பித்தன. எனக்கும் வேகப் பாட்டில் பெடல் மிதித்துக் கெண்டைக்கால் மரத்துப்போனது உண்டு. நான் செய்ததெல்லாம் பாடகரை முறைத்ததுதான்.

தாளத்தைக் கெடுக்கிறான் என்று டெடி ஹில் அவரை அனுப்பிவிட்டார். அதே ஹில், நியூயார்க்கின் ஹார்லெமில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற இசை விடுதியின் நிர்வாகியானதும் கிளார்க்கையே கூப்பிட்டுக் குழு அமைக்கச் சொன்னார்! பியானோவில் தெலோனியஸ் மங்க். டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் வந்து சேர்ந்துகொள்வார். பீபாப் என்கிற புதுவகை ஜாஸ் முளைவிட்டது அந்த மேடையில்தான். அந்த 'டொம்'களின் ஓசையை வைத்தே கிளார்க்குக்குக் 'குளூக்' என்று பட்டப்பெயர்.

பிறகு ஏன் பெயர் மங்கியது? 1943இல் ராணுவத்துக்குப் போய் 1946இல்தான் திரும்பினார். பீபாப் இசைத்தட்டுகள் வெளிவரத் தொடங்கியது அந்த இடைவெளியில். பீபாபின் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் புகழ்பெற்ற 1945 பதிவில் டிரம்ஸ் வாசித்தவர் ரோச். தட்டில் இருப்பவர் பெயர்தானே நிற்கும். கிளார்க் மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதையும் 1955இல் விட்டுவிட்டு, அடுத்த வருஷம் பாரிஸ் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். 1985இல் காலமானதும் அந்த நகரத்தின் புறத்தில்தான்.

1957இல் பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் படத்துக்காக டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் பாரிஸில் வாசித்தாரே, அதில் டிரம்ஸ் கிளார்க். உங்கள் கட்டுரையாளர் ஹெட்போன் மாட்டி ஒருமுறை கேட்கட்டும். டிரம்பெட்டை விட்டுவிட்டு, ஸ்நேர் டிரம் மேல் கம்பி பிரஷ் ஓடுகிற ஓசையை மட்டும்.

ஒரு பழைய டிரம்ஸ்காரன்,
தஞ்சாவூர்