துருக்கியைத் தூசு தட்டி எடுத்திருக்கிறேன்

கரூர்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடுதாசி கிடைத்தது. தென்னையில் வெள்ளை ஈ இன்னும் அடங்கவில்லை என்று எழுதியிருந்தாய். ஓலையின் அடிப்பக்கத்தில் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சச் சொல்கிறார்களே, செய்து பார்த்தாயா? இங்கே எல்லாரும் சௌக்கியம். மகள் கோயமுத்தூர் விடுதிக்குப் போனதிலிருந்து வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. அதனாலோ என்னவோ, கொரோனா சமயத்தில் பாதியில் விட்ட துருக்கி மொழியைத் திரும்ப எடுத்திருக்கிறேன்.

"இந்த வயசில் உனக்கு எதுக்கடா இது" என்பாய். ஜனவரியில் ஃப்ராங்ஃபர்ட்டில் நடக்கிற ஹெய்ம்டெக்ஸ்டில் வீட்டுத் துணிக் கண்காட்சிக்குப் போனால் நம் கரூர்க்காரர்களும் இருப்பார்கள், துருக்கியின் டெனிஸ்லிக்காரர்களும் இருப்பார்கள். டவல், பாத்ரோப் எல்லாவற்றிலும் நமக்குச் சரியான போட்டி அந்த ஊர். போட்டிக்காரன் பக்கத்து ஸ்டாலில் என்ன பேசுகிறான் என்று தெரிந்தால் நல்லதுதானே. ஆனால் இது வீட்டில் சொல்கிற காரணம். உண்மையில் எனக்கு அந்த மொழி பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான்.

நேரம்தான் இல்லை. பால்காரர் வந்து போனதற்கும் நான் கம்பெனிக்குக் கிளம்புவதற்கும் நடுவே ஒரு இருபது நிமிஷம். ஷிப்மென்ட் இருக்கிற வாரத்தில் அதுவும் போய்விடும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனம், துருக்கிக்குச் சுமார் 1,100 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்திருக்கிறது. என் இருபது நிமிஷத்தில் வகுத்துப் பார்த்தேன், ஒன்பது வருஷம் வருகிறது!

அப்புறம்தான் உறைத்தது, அது இங்கிலீஷ்காரனுக்குப் போட்ட கணக்கு. அதே பட்டியலில், அதே 1,100 மணியில் தமிழும் இருக்கிறது. அவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிக் கஷ்டம் என்றால், ஒன்றைப் பிறவியிலேயே வைத்திருக்கிற நமக்கு மற்றது பாதி சும்மா வந்துவிடும். துருக்கியிலும் வினை கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். 'எவ்' என்றால் வீடு, 'எவ்லேர்' வீடுகள், 'எவ்லேர்தே' வீடுகளில். 'கெல்தி' வந்தான், 'கெல்மிஷ்' வந்தானாம். இந்த 'ஆம்' இங்கிலீஷ்காரனுக்குத் தனிப் பாடம், நமக்குத் தெருத் திண்ணைப் பேச்சு. அவர்கள் எழுத்தில் புள்ளியில்லாத ஒரு இங்கிலீஷ் 'ஐ' (ı) உண்டு. 'காசு', 'பாட்டு' என்னும்போது கடைசியில் உதட்டைக் குவிக்காமல் விடுகிறோமே, கிட்டத்தட்ட அந்த ஒலிதான். இதையெல்லாம் பார்த்துத்தானோ என்னவோ, கால்டுவெல்லும் 1856இல் திராவிட மொழிகளுக்குத் துருக்கி மொழிகள் பக்கம் உறவு தேடினார். இன்றைக்கு மொழியியல்காரர்கள் அதை ஏற்பதில்லை, சரி, எனக்கும் உறவு வேண்டாம், லாபம் போதும்.

அதனால் இலக்கணப் புத்தகத்தைப் பரணிலேயே விட்டுவிட்டேன். முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கவும் இல்லை. திரும்பி வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் மாட்டுகிறார்கள். வணக்கம், நலமா என்று தெரிந்ததையே படித்துச் சுகம் கண்டு மறுபடி விட்டுவிடுகிறார்கள். இருபது நிமிஷமும் சொல்லுக்கும் காதுக்கும்தான். ஒரு சின்ன உரையாடலை எடுத்து வாரம் முழுக்க அதையே கேட்கிறேன். முதல் நாள் ஒரே இரைச்சல், போகப்போக எங்கே எந்த விகுதி ஒட்டியிருக்கிறது என்று பிரிந்து தெரிகிறது.

சொற்களில் தொழில் சொற்களை முதலில் பிடித்தேன். பஞ்சு 'பமுக்', துணி 'குமாஷ்', டவல் 'ஹவ்லு'. அரபு, பாரசீகம் வழியாக இரண்டு பக்கமும் போய்ச் சேர்ந்த சரக்கும் இருக்கிறது. சாம்பிளுக்கு அவர்கள் 'நுமுனே' என்கிறார்கள், நம் தாலுகா ஆபீசின் நமூனாதான். மீதிப் பணம் 'பாக்கியே'. வசூலுக்கு வருகிறவர் 'தஹ்சில்தார்' என்று பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

காதுதான் இன்னும் சண்டித்தனம் செய்கிறது. அவர்கள் பேசுகிற வேகத்தில் பாதி நழுவிப்போகிறது. அதற்கு அவசரப்படுவதாக இல்லை.

உங்கள் ஊரில் உருது தெரிந்த பாய் ஒருவர் மரக்கடை வைத்திருந்தாரே, இருக்கிறாரா? ஒரு சொல் பட்டியல் அனுப்புகிறேன், எதெல்லாம் அவருக்குத் தெரிந்த சொல் என்று கேட்டு எழுது. ஆடிப் பதினெட்டுக்குக் கொடுமுடி வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா, சாப்பாடு நம் வீட்டில்தான்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை